சனிக்கிழமைச் சட்டை

"எத்தனை பேர்?"

சீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிற பெண் வேறு என்னதான் கேட்பாள், பாவம். அரும்பொருளகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஜோடி, மீதிப்பேர் குடும்பம். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் உமாமகேஸ்வரிக்கு அந்தக் கேள்வி ஒவ்வொரு சனிக்கிழமையும் சுருக்கென்று தைக்கும். தனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்பது குருடருக்கும் தெரியுமே, இவள் எதற்கு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள் என்று எரிச்சல் வரும். "ஒன்" என்பாள். போதாக்குறைக்கு ஒரு விரலையும் தூக்கிக் காட்டுவாள். வட்டமான ஒட்டுத்தாள் ஒன்று கைக்கு வரும். அதைத் தோள்பக்கம் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

உமாவுக்கு ஐம்பத்துநான்கு வயது. தஞ்சோங் பகாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செக்ரெட்டரி. இருபத்தெட்டு வருடமாக அதே மேசை. முதலாளிகள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. முன்பெல்லாம் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால்கூட யாராவது தெரிந்தவர் பிடித்துவைத்து "இன்னும் ஒண்ணும் அமையலையாம்மா?" என்று கேட்டுவிடுவார். அப்போது அவர்களை எங்காவது கொண்டுபோய்த் தள்ளலாம் போல இருக்கும். நாற்பத்தைந்து தாண்டியதும் எல்லோரும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். கேட்டபோது வலித்ததைவிட, நிறுத்தியபோதுதான் அதிகமாக வலித்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு யார் இருந்தார்கள்?

வீடு புக்கிட் பாத்தோக்கில், ஒன்பதாவது மாடி. அவளும் அப்பா தியாகராசாவும்தான். அவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்துமூன்று. அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். உமாவின் அம்மா தங்கம் நாகப்பட்டினத்துக் குடும்பம். அம்மா வாயுள்ளவர். ஆகவே வீட்டில் பேசப்பட்ட தமிழும் அம்மாவின் தமிழ்தான். அப்பாவின் தமிழ் அவருடைய சாய்வு நாற்காலியைத் தாண்டி அதிக தூரம் போனதில்லை. அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தத் தமிழும் அதிகமாகப் பேசப்படவில்லை.

கண்காட்சிப் பைத்தியம் பிடித்தது ஒரு மழையால். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, அலுவலக வேலையாக நீதிமன்றப் பக்கம் போனவளை மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஆற்றங்கரையில் இருந்த அரும்பொருளகம். மழை விட்டதும் கிளம்பலாம் என்று உள்ளே போனவள், மழை விட்டு, தரை காய்ந்து, விளக்குகள் போட்ட பிறகுதான் வெளியே வந்தாள். உள்ளே உடைக் கண்காட்சி. அறுபதுகளில் இந்த ஊர்ப் பெண்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் போட்டுக்கொண்டு போன கவுன்கள், மலாய்க் கெபாயாச் சட்டைகள், கழுத்துவரை பொத்தான் வைத்த சீனச் சியோங்சம்கள். தலையில்லாத பொம்மைகளின் மேல் வரிசையாக நின்றன.

அவற்றில் ஒரு பச்சைப் பட்டு கவுனின் அக்குளில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பழைய வியர்வைக் கறை இருந்தது. யாரோ ஒருத்தி அன்றைக்கு ஆசை தீர ஆடியிருக்கிறாள் என்று உமா நினைத்தாள். நினைத்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றார். அவரிடம் திரும்புவதற்குள் அவர் அடுத்த பொம்மைக்கு நகர்ந்துவிட்டார். "கொஞ்சம் பின்னாடி நில்லுங்க அக்கா, கோட்டைத் தாண்டாதீங்க" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. கறுப்புக் கோட்டும் துடோங் தலைத்துணியும் அணிந்து, கையில் வாக்கிடாக்கியோடு நின்ற பணியாளர்ப் பெண். தரையில் போட்டிருந்த கோட்டுக்கு வெளியே உமா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் கண்காட்சிதான். உடையென்றால் முதல் நாளே போய்விடுவாள். உடை இல்லாத மாதங்களில் ஓவியம், சிற்பம், இருட்டறையில் தண்ணீர் சொட்டும் சத்தத்தை மட்டும் கேட்கவிடுகிற புதுமாதிரிக் கலை, எது கிடைத்தாலும் சரி. பாதி புரியாது. புரியாவிட்டால் என்ன, எழுதி வைத்திருப்பதை ஒரு வரி விடாமல் படிப்பாள். இத்தனை உடைகளைப் பார்த்தவள் தனக்கென்று வாங்குவதோ கருநீலப் பேண்ட்டும் வெள்ளை பிளவுஸும்தான். அலமாரியைத் திறந்தால் பள்ளிச் சீருடை போல இருக்கும். அழகான ஒன்றைப் பார்த்தால் "இங்க பாரேன்" என்று உதடு அசையும், சத்தம் வராது. ஆறு வருடத்தில் இப்படி எத்தனை "இங்க பாரேன்" தொண்டையிலேயே நின்றுபோயிற்றோ, அந்தக் கணக்கு அவளுக்கே தெரியாது.

இனி பொய்யின் கதை.

நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு நெஞ்சடைப்பு வந்து, இரத்தக் குழாயில் சின்னக் கம்பிவலை வைத்தார்கள். அதுவும் ஒரு சனிக்கிழமை. கண்காட்சியில் இருந்தவளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்து, தோளில் ஒட்டிய வட்டத்தாளோடு மருத்துவமனைக்கு ஓடினாள். எல்லாம் முடிந்து கட்டிலில் கண் திறந்தவர் முதலில் கேட்டது இதைத்தான்:

"நான் போனாப் பிறகு உனக்கு ஆர் இருக்கினம், பிள்ளை?"

"ஏன்ப்பா இல்ல? ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

"ஆர்?"

இப்படி நேராகக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அலுவலகத்தில் மதியம் கூடச் சாப்பிடுகிறவர்களின் முகமெல்லாம் ஓடிவந்தது. ஒருவரைக்கூட ஃப்ரெண்ட் என்று சொல்ல மனசாட்சி இடம் தரவில்லை. அன்று காலையில் கோட்டைத் தாண்டாதீங்க என்று மறுபடியும் சொன்ன பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயர் நினைவுக்கு வந்தது.

"ஷமீமா. சனிக்கிழமையானா எங்கயாவது போவோம்பா. இன்னைக்குக்கூட நாங்க டிரெஸ் எக்ஸிபிஷன்லதான் இருந்தோம்."

அப்பா அவள் தோளில் இருந்த வட்டத்தாளைப் பார்த்தார். "அப்ப சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பொய்யை ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட முடிகிறதா? சாப்பாடு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. ஷமீமாவுக்குக் கப்பலில் வேலை பார்க்கும் கணவர் வந்தார். அவர் எப்போதும் கடலில் இருந்தால்தானே அவளுக்குச் சனிக்கிழமை ஓய்வாக இருக்கும். பெர்த்தில் படிக்கும் ஒரு மகள் வந்தாள். கால்வலி வந்தது, பிறகு சரியாயிற்று. ஒரு தீபாவளிக்கு அப்பா ஒரு டின் முறுக்கை எடுத்துக் கொடுத்து, "அந்தப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடு" என்றார். உமா அதைப் பையில் வைத்துக்கொண்டு போய், ஆற்றங்கரை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தின்றாள். தீர்ப்பதற்கு நான்கு சனிக்கிழமை பிடித்தது. டின்னைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்து, "ஷமீமா ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னா" என்றபோது அவளுக்கே தன்மேல் இரக்கமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்ததும் போனில் எடுத்த படங்களை அப்பாவிடம் காட்டுவாள். கவுன், ஓவியம், சிலை, மறுபடியும் கவுன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்ப்பார். எதுவும் சொல்ல மாட்டார்.

ஆனால் வெள்ளிக்கிழமைதோறும், தமிழ்ச் செய்தி முடிந்ததும், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்.

"நாளைக்கு நாங்கள் எங்க போறம்?"

உமாவுக்குச் சுர்ரென்று ஏறும். 'நாங்க' என்றால் பேசுகிறவரும் அவரோடு சேர்ந்த ஆட்களும். கேட்டுக்கொண்டிருப்பவர் அதில் இல்லை. அவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் 'நாம'. இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அவள்தான் வாரம் முழுக்க நாங்க போனோம், நாங்க பார்த்தோம் என்று அளந்துகொண்டிருக்கிறாள். அதே சொல்லைப் பிடித்து அவளிடமே திருப்பிக் கேட்கிறார் என்றால் அது கேலி இல்லாமல் என்ன? கண்டுபிடித்துவிட்டாரோ என்ற பயம் வேறு. அதனால் முகத்தைப் பார்க்காமல், "நாங்க ஆர்ட் கேலரி போறோம்பா" என்று மட்டும் சொல்வாள். அவர் "ஓம்" என்பார்.

மறுநாள் காலையில் அவர் இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலைவாரி, கூடத்தில் உட்கார்ந்திருப்பார். மற்ற நாளெல்லாம் பனியன்தான். கீழே காப்பிக் கடைக்குப் போகப் போகிறார் போலிருக்கிறது என்று உமா நினைத்துக்கொண்டு, "வரேன்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

இந்த வருடப் பொங்கல் வந்தது. பொங்கலுக்கு முதல் வாரம் அப்பா சொன்னார்: "அந்தப் பிள்ளையை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. ஞாயிறு சாப்பிட வரச் சொல்லு. எனக்கும் பார்த்த மாதிரி இருக்கும்."

"அவ பிஸிப்பா."

"நாலு வருசமா பிஸியோ?"

அவர் குரல் அன்றைக்குக் கொஞ்சம் தளர்ந்திருந்தது. டாக்டர் போன தடவை மருந்தைக் கூட்டியிருந்தார். ஷமீமா என்று ஒருத்தி இல்லை என்று தெரிந்தால் இந்த மனிதர் ராத்திரி தூங்க மாட்டார் என்று உமாவுக்குத் தெரியும். மகளுக்கு ஒருத்தியாவது இருக்கிறாள் என்ற நினைப்பில்தான் இத்தனை நாள் நிம்மதியாக இருக்கிறார். அந்த நிம்மதியைக் கலைத்துவிட்டு அவரை அனுப்பிவைக்க அவளால் முடியாது. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. ஷமீமாவை அழைக்க வேண்டும்.

சனிக்கிழமை அரும்பொருளகத்தில் அவள் எந்த உடையையும் பார்க்கவில்லை. ஷமீமா நின்ற மண்டபத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். சொல்ல வேண்டியதை எம்ஆர்டி ரயிலிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தாள். எதிரில் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"ஷமீமா, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வர முடியுமா?"

ஷமீமாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஆறு வருடமாக இருவரும் பேசிக்கொண்டது கோடு, பை, பிளாஷ் போடாதீங்க என்ற அளவில்தான். அவள் வாக்கிடாக்கியைக் கீழே இறக்கிக்கொண்டு உமாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அக்கா, எனக்கு உங்க பேரே தெரியாதே."

இவ்வளவுதானா நான் என்று உமாவுக்குத் தோன்றியது. ஓடிவிடலாம் என்று நினைத்தவள், அங்கேயே, கல்யாணச் சேலை கட்டிய ஒரு பொம்மைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மருத்துவமனை, சட்டையில் இருந்த பெயர், பெர்த்தில் படிக்கும் மகள், முறுக்கு டின் உட்பட.

முறுக்கு வரை கேட்டுக்கொண்டிருந்த ஷமீமா சிரிக்கவில்லை. "எனக்கு மூணும் பையனுங்க அக்கா. பெர்த் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது லா" என்றாள். வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எனக்குப் பொய் சொல்ல வராது. அத்தா சொல்லிக் குடுத்தாரு, பொய் சொன்னா நாக்கு ஒட்டிக்கும்னு. நான் வரேன், சாப்பிடுறேன். ஆனா அங்கிள் ஏதாவது கேட்டா உண்மைதான் சொல்வேன். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? இருந்தாலும் உமா தலையாட்டினாள். "சமையல் சைவம்தான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு காலை நான்கு மணிக்கே எழுந்துவிட்டாள். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பருப்பு வடை. அப்பா அந்த வெளிர்நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். ஷமீமா கையில் ஒரு பெட்டி குவே பலகாரத்தோடு வந்தாள். "வாங்கோ, வாங்கோ" என்று எழுந்து நின்று வரவேற்றார். உமா அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டாள். முதல் கேள்வியிலேயே எல்லாம் உடைந்துவிடும்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கப்பல் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெர்த் மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரும்பொருளகத்தில் வேலை பார்ப்பதாக ஷமீமா சொன்னதும், இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே அந்த இடத்தைப் பற்றித்தான் என்னென்னவோ விசாரித்தார்.

"உள்ள படி ஏற வேணுமோ?"

"இல்ல அங்கிள், லிஃப்ட் இருக்கு."

"இடையில இருக்கக் கதிரை போட்டிருக்கினமோ?"

ஷமீமா விழித்தாள். "நாற்காலி கேக்கிறாரு" என்றாள் உமா.

"ஓ, பெஞ்ச் இருக்கு அங்கிள். கவுன்ட்டர்ல கேட்டா வீல்சேர்கூடச் சும்மாவே தருவாங்க."

"அப்ப நல்லது. வாற சனி நாங்கள் வாறம். எத்தனை மணிக்கு வந்தா சனம் குறைவு?"

"பதினொரு மணிக்குள்ள வந்துருங்க. நாங்கன்னா... உங்களோட வேற யார் அங்கிள் வராங்க?"

"வேற ஆர்? நானும் இவளும்தான்" என்றார் தியாகராசா. "நாங்கள் ரெண்டு பேர்."

உமாவின் கையில் சொதிக் கரண்டி அப்படியே நின்றது. ஷமீமா இருப்பதையும் மறந்து கேட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை கேப்பீங்களே. நாளைக்கு நாங்கள் எங்க போறம்னு. அது?"

"அதைத்தான் கேட்டனான். நாங்கள் எங்க போறம் எண்டு."

"நீங்க என்னைக் கேலி பண்றீங்கன்னு நினைச்சேன்பா."

"கேலியோ?" அவர் உண்மையாகவே திகைத்துப் பார்த்தார். "நீயும் நாங்க போறோம் எண்டுதானே சொல்லுவாய். சரி, கூட்டிக்கொண்டு போகப்போறாய் எண்டு சட்டையை மாத்திக்கொண்டு இருப்பன். நீ செருப்பைப் போட்டுக்கொண்டு போயிடுவாய்."

அதில் குறைப்படுகிற தொனி எதுவும் இல்லை. மின்தூக்கி பழுதாகிக் கிடந்த கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"ஏன்ப்பா ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லல?"

"இந்தக் கிழவனை இழுத்துக்கொண்டு போக உனக்கு வெக்கமாக்கும் எண்டு நினைச்சன்" என்றார். "பிறகு அப்படியே பழகிட்டுது. சட்டையைப் போட்டால் போட்டபடி இருக்கலாம்தானே."

நாலாம் வகுப்பில் உமா கட்டுரை ஒன்றில் "வா அம்மா, நாங்கள் கடைக்குப் போவோம்" என்று எழுதி, ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார். அம்மா நோட்டுப் புத்தகத்தை அப்பாவின் மடியில் எறிந்தார். "உங்க யாழ்ப்பாணத்துத் தமிழப் பிள்ளைக்குச் சொல்லித் தராதீங்க, மார்க் போகுது." அப்பாவின் தமிழில் 'நாம' என்ற சொல்லே கிடையாது, சேர்த்துக்கொண்டாலும் நாங்கள்தான், விட்டுவிட்டாலும் நாங்கள்தான். அன்றிலிருந்து மகளிடம் தமிழில் பேசுவதையே அவர் குறைத்துக்கொண்டார். உமா தமிழில் ஏ வாங்கினாள். ஏ வாங்கியவளுக்கு அப்பா கேட்டது நாலு வருடமாகப் புரியவில்லை.

ஷமீமா போன பிறகு பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு உமா அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாள். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "ரெண்டு பேர் போனா ஆளை ஆள் படம் எடுக்காமல் வருவினமோ? நாலு வருசமா நீ காட்டின படம் ஒண்டிலயும் நீ இல்லை. தனியாத்தான் போறாய் எண்டு தெரிஞ்சுதான் நானும் வாறன் எண்டு கேட்டன். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா எண்டதும், நீயே வாய்திறந்து சொல்லுவாய் எண்டுதான்."

உமா ஈரக்கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். சட்டை நனைந்தது.

அடுத்த சனிக்கிழமை டாக்சியில் போனார்கள். "எத்தனை பேர்?" என்றாள் மேசைப் பெண். "டூ" என்று சொன்னபோது உமாவின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வட்டத்தாளை வெளிர்நீலச் சட்டையின் பையில் ஒட்டிக்கொண்டார். சக்கர நாற்காலியில் போகும்போது இடையிடையே அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு ஆறு வருடத்து "இங்க பாரேன்" எல்லாம் உமாவின் வாயிலிருந்து கொட்டியது. இங்க பாருங்கப்பா ஜரிகை, இங்க பாருங்கப்பா தையல், இது எத்தனை மடிப்பு பாருங்க. அவர் சளைக்காமல் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கடைசி மண்டபத்தில் பல நாட்டுக் கல்யாண உடைகள். வெள்ளை லேஸில் நீண்ட வால் வைத்த ஒரு கவுன் முன்னால் அவர் நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"போனைத் தா. அதுக்குப் பக்கத்தில போய் நில்லு."

"இது கல்யாண டிரெஸ்பா."

"அதுக்கென்ன? உடுப்புத்தானே. நில்லு."

அவள் நின்றாள். கருநீலப் பேண்ட், வெள்ளை பிளவுஸ். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்து, நெடுநேரம் குறிபார்த்து, ஒரே ஒரு படம் எடுத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஷமீமா நின்றிருந்தாள். உமாவின் குதிகால் கோட்டைத் தாண்டியிருந்ததை அன்றைக்கு அவள் பார்க்கவில்லை.

அப்படி ஐந்து சனிக்கிழமைகள் போனார்கள். ஆறாவது சனிக்கு முந்தின புதன்கிழமை விடியலில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். வெளிர்நீலச் சட்டை துவைக்கிற கூடையில் கிடந்தது. பையில் கடைசி வட்டத்தாள் ஒட்டியபடியே இருந்தது. உமா அதைத் துவைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த சனிக்கிழமை அவள் மறுபடியும் அரும்பொருளகத்துக்குப் போனாள். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். "எத்தனை பேர்?" என்று கேட்டதும் வாய் தவறி "டூ" என்று வந்துவிட்டது. இரண்டு வட்டத்தாள்கள் கைக்கு வந்தன. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஒன்றை ஒட்டிக்கொண்டு மற்றதைப் பணப்பையில் வைத்துக்கொண்டாள். உள்ளே கல்யாண உடைகள் போய், மண்பாண்டங்கள் வந்திருந்தன. பார்த்தாள். "இங்க பாரேன்" பழையபடி தொண்டையில் நின்றது.

ஷமீமா அவளைக் கண்டு பக்கத்தில் வந்தாள். "உமாக்கா, கேள்விப்பட்டேன்" என்று சொல்லி அவள் தோளைத் தொட்டாள். உமா போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாள். படத்தில் கவுன் பாதிதான் தெரிந்தது. அதற்கு வலப்பக்கம் உமா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இடப்பக்கத்தில் கால்வாசியை மங்கலான இளஞ்சிவப்பாக எதுவோ மறைத்திருந்தது. அப்பாவின் கட்டைவிரல்.

"அச்சோ, விரல் விழுந்துடுச்சே" என்றாள் ஷமீமா. "குடுங்கக்கா, நான் கட் பண்ணித் தரேன். ரெண்டு நிமிஷ வேலை லா."

உமா போனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் ஷமீமா. நாங்க ரெண்டு பேரும் இருக்கிற படம் அது ஒண்ணுதான்."